கூத்துக்குக் காசு யார் கொடுப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திய பிறகு, வழக்கம்போல் நானும் நண்பரும் நடந்துகொண்டிருந்தோம். காந்தி திடலில் மேடை. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய கூத்துக்காரர்கள் நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுத்தார்கள். அரை மணியில் ஆட்டம் முடிந்தது. கூத்து என்றால் விடிய விடிய என்று பழகிய எனக்கு, தெருவாசல் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிட்டது போல் இருந்தது.

நண்பர் கேட்டார்: "ஏன் சார், இதுக்கெல்லாம் காசு யாரு குடுக்கறது? நீங்கதான் காலம் முழுக்க பில்லு பார்த்தவராச்சே."

"3452" என்றேன். அவர் டெலிபோன் நம்பர் என்று நினைத்துக்கொண்டார்!

அரசாங்கத்தின் ஒவ்வொரு செலவுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. இந்தியா முழுவதற்கும் ஒரே எண்தான். கலை, பண்பாடு என்றால் 2205. சுற்றுலா என்றால் 3452. சுற்றுலாவுக்காகக் கட்டடம், படகுத்துறை, நடைபாதை என்று சொத்து உண்டாக்கினால் 5452. கடற்கரையில் காவல்துறை பேண்டு வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வாத்தியக்காரரின் சம்பளம் 2055, அதாவது போலீஸ். ஒரே கடற்கரை, ஒரே மாலை, ஆனால் மத்தளத்துக்கு ஒரு எண், டிரம்பெட்டுக்கு ஒரு எண். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த எண்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்: பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறதோ, ஆட்டம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஆடும்.

நம் ஊரில் இந்தச் செலவுக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், துய்ப்ளேக்ஸ் காலத்துக் கொண்டாட்டங்களில் பீரங்கி மரியாதை, மேளம், ஆட்டம், வெகுமதி எல்லாம் வருகின்றன. அப்போது காசு கும்பினியுடையது, குவர்னருடையது, பெரிய வர்த்தகர்களுடையது. கோயில் திருவிழாவுக்குக் கோயிலும் ஊரும். வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுக் குவர்னர் வந்து வடம் பிடித்தார். இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். ஆட்சி மாறினாலும் அந்த வடத்தை யாரும் விடவில்லை.

1880ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 12ஆம் தேதி ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்பட்டன. அவற்றை நடத்த நகரசபைகளும் வந்தன. அதே வருஷம் ஜூலையில், பிரான்ஸ் தேசம் ஜூலை 14ஐ தேசியத் திருநாளாகச் சட்டம் செய்தது. அதனால் நம் ஊரில் ழுயியே பதினாலும் மேரியும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். என் தாத்தா சொல்வார்: வழுக்கு மரம், சாக்குப் பந்தயம், கூர் ஷப்ரோலில் வாணவேடிக்கை, பக்கத்திலேயே கரகம், சிலம்பம். வெள்ளைக்காரர் ஒரு பக்கம் நின்றார்கள், நம்மவர் ஒரு பக்கம் நின்றார்கள். ஆனால் வாணம் எல்லோர் தலைக்கு மேலும்தான் வெடித்தது என்பார்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் பழம்பெருமை பாடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் திருநாள் ஆண்டவனின் திருநாள் அல்ல, ஆண்டவர்களின் திருநாள். அதிகாரத்தைக் காட்டுவதற்கான செலவுதான் அது. நான் சொல்ல வருவது ஒன்றே. நகரசபை ஒன்று இருந்தது. அதற்கு வரவு செலவுத் திட்டம் இருந்தது. ஊர்த் திருநாள் செலவு ஊரின் கணக்கில் விழுந்தது. பிடிக்கவில்லை என்றால் மேரி வாசலில் போய்க் கேட்கலாம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1954 நவம்பர் 1 நடைமுறை மாற்றம். 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படியான மாற்றம். 1963இல் யூனியன் பிரதேச சட்டசபை. 1968இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 2006இல். நடுவில் 38 வருஷம்! அந்த ஐந்தாண்டு முடிந்ததும் மறுபடியும் அதிகாரிகள் கையில். ஊருக்கென்று ஒரு சபை இல்லாத இந்தக் காலத்தில்தான், திருநாளுக்குச் செலவு செய்யும் வேலை மெல்ல மெல்லத் துறைகளிடம் போனது. கொஞ்சம் கலை பண்பாட்டுத் துறைக்கு, கொஞ்சம் சுற்றுலாத் துறைக்கு.

சுற்றுலாவில் இரண்டு கை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று துறை: பட்ஜெட்டில் பணம் வாங்கிச் செலவு செய்வது. இன்னொன்று கழகம்: சுண்ணாம்பாறு படகுக் குழாம், கடற்கரையில் லெ கஃபே, சீகல்ஸ் என்று நடத்திச் சம்பாதிப்பது. ஜனவரி 4 முதல் 7 வரை நடக்கும் சர்வதேச யோகா விழா, ஆகஸ்ட் 16ஐ ஒட்டி வரும் 'ஃபெத் தெ பொந்திஷெரி' எல்லாம் துறையின் பக்கம். இவை தவிர, 1986இல் தஞ்சாவூரில் ஏற்பட்ட தென்னகப் பண்பாட்டு மையம். புதுச்சேரியும் அதில் உறுப்பு. அங்கிருந்து கலைக்குழு வந்தால் பொதுவாக சன்மானம், வழிச்செலவு அவர்கள் பொறுப்பு. மேடை, சாப்பாடு, தங்குமிடம் அழைத்தவர் பொறுப்பு. இப்படி ஒரே மேடையில் மூன்று நான்கு கணக்குகள் ஆடும்.

டெல்லியிலிருந்து வரும் பெரிய தொகை வேறு சாதி. சுவதேஷ் தர்ஷன் திட்டத்தில் 2015-16இல் நமது கடற்கரைச் சுற்றுலாவுக்கு 85 கோடிக்கு மேல் அனுமதி ஆனது. ஆனால் அது 5452 வகைப் பணம். அதில் நடைபாதை போடலாம், படகுத்துறை கட்டலாம், மேடைகூடக் கட்டலாம். மேடையில் ஏறி ஆடுகிறவனுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் கொடுக்க முடியாது.

இனி, நான் சொல்லத் தயங்கும் ஒரு விஷயம்.

1980களில் ஒரு மார்ச் மாதம். நான் இருந்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். வெளியூர்க்காரருக்காக நடந்த ஒரு விழாவில், பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கூத்துக் குழு ஆடியிருந்தது. பதினான்கு பேர். பில் என் மேசைக்கு வந்தது மார்ச் கடைசி வாரம். பந்தல்காரர் பில், ஒலிபெருக்கிக்காரர் பில், சாப்பாட்டுக்காரர் பில் எல்லாம் கொட்டேஷன், ரசீது, முத்திரை என்று ஒழுங்காக இருந்தன. பாஸ் செய்தேன். கூத்துக் குழுவின் பில்லில் மட்டும் வாத்தியார் ஒருவரின் கைநாட்டு. பதினான்கு பேரும் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும், இருபது பைசா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பச்சை மையில் மேலதிகாரியும் கையெழுத்துப் போட்டார். விதிப்படி அது சரி.

வாத்தியார் ஒவ்வொருவர் வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி வருவதற்குள் மார்ச் 31 போய்விட்டது. ஒதுக்கிய பணம் காலாவதி. புது நிதியாண்டில் புது அனுமதி ஆணை, மறுபடி கோப்பு, மறுபடி கேள்வி. அவர் கையில் பணம் சேர்ந்தபோது தீபாவளி வந்துவிட்டது. அதற்குள் ஏழெட்டு முறை பஸ் பிடித்து வந்திருப்பார். ஒருநாள் என் மேசை எதிரில் நின்று சொன்னார்:

"ஐயா, நானு முப்பது வருஷமா அர்ச்சுனன் தபசு கட்டறேன். தபசு மரத்துல ஏறுனா ராத்திரியே எறங்கிடலாம். உங்க மரத்துலதான் எறங்கவே வழியில்ல."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரவு வீட்டில் படுத்தபோதுதான் உறைத்தது. முன்பணம் எடுக்க விதி இருந்தது. ஏ.சி. பில் போட்டு முதலிலேயே பணம் எடுத்து, ஆட்டம் முடிந்த இரவே கொடுத்துவிட்டு, ஒப்புதல்களை இணைத்து விவரப் பில் பிறகு அனுப்பியிருக்கலாம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கோப்பு என் மேசை வழியாகப் போனது. நான் அதை எழுதியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. பந்தல்காரருக்கு ரசீதுப் புத்தகம் இருந்தது; கூத்துக்காரருக்கு நான்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் முதல் அப்படி எழுதத் தொடங்கினேன். சில வருஷம் நடந்தது, சில வருஷம் நடக்கவில்லை. அந்த வாத்தியார் மறுபடி விழாவுக்கு வரவில்லை. இப்போது பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது என்கிறார்கள். கைநாட்டும் ஸ்டாம்பும் ஒழிந்தது நல்லதே. ஆனால் மார்ச் 31 ஒழியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, வழியில் ஒரு சிறிய ஊரில் ஓட்டலில் தங்கினோம். பில்லில் அறை வாடகைக்குக் கீழே தனி வரியாக 'தாக்ஸ் தெ செழூர்', தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று. குமாஸ்தா புத்தி விடுமா? விசாரித்தேன். 1910இல் வந்த சட்டம் அது. வெந்நீர் ஊற்று ஊர்களுக்கென்று தொடங்கி, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. தங்குகிறவர் கொடுக்கும் அந்தப் பணம் அந்த ஊர் கொம்யூனுக்குப் போகிறது. சுற்றுலாவுக்குப் பயன்படும் காரியங்களுக்குத்தான் அதைச் செலவிடலாம். எவ்வளவு வசூலிப்பது என்பதைச் சட்டம் வகுத்த வரம்புக்குள் ஊர்ச்சபை தீர்மானிக்கிறது. ஊரின் கோடை விழாவுக்கு அதிலிருந்து ஏதாவது கொடுத்தால், யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்க எதிரே ஒரு சபை இருக்கிறது.

நம் நாட்டில் மாநிலங்கள் ஓட்டல்களுக்குப் போட்டுவந்த ஆடம்பர வரி 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டியோடு கரைந்துவிட்டது. இன்று நம் ஊரில் ஒருவர் அறை எடுத்துத் தங்கினால் அவர் கட்டும் வரி பொதுக் குளத்தில் சேர்கிறது. எந்தத் துளி கூத்துக்காரருக்கு வந்தது என்று யாரும் காட்ட முடியாது.

சுற்றுலாப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்ததால்தான் சில கலைகளுக்கு ஊருக்கு வெளியே மேடை கிடைத்தது. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரே கண். அது வருகிறவரை மட்டும் பார்க்கும். அவருக்கு முப்பது நிமிஷம் போதும், அதனால் கூத்து முப்பது நிமிஷம் ஆனது. ஊர்க்காரருக்கு விடிய விடிய வேண்டும், ஆனால் ஊர்க்காரர் 3452இல் வருவதில்லை. அவர் 2205இல் இருக்கிறார். அங்கே பணம் குறைவு.

என் யோசனை சின்னது. விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் உள்ளூர்க் கலைஞருக்கு இவ்வளவு என்று முதலிலேயே தனியாக எழுதிவிட வேண்டும், பந்தலுக்கும் விளக்குக்கும் முன்பாக. ஆட்டம் முடிந்த அன்றே பணம் போய்ச் சேர வேண்டும். கடற்கரையில் அரை மணி ஆடிய குழுவுக்கு, அதே பணத்தில் அவர்கள் ஊரில் ஒரு முழு ராத்திரி ஆட வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் சட்டம் மாற்ற வேண்டியதில்லை. கோப்பில் ஒருவர் எழுதினால் போதும்.

2014 நவம்பர் மழையில் மேரி இடிந்து விழுந்தபோது கடற்கரையில் நின்று கண்ணீர் விட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது அதே அச்சில் புதிதாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அழகாகவே இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்து 'இந்தத் திருநாளுக்கு ஊர் இவ்வளவு கொடுக்கும்' என்று தீர்மானம் போட ஒரு சபைதான் இல்லை.

அன்று கூத்து முடிந்ததும், மத்தளக்காரப் பையன் மத்தளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். எந்த ஊர் என்று கேட்டேன். பாகூர்ப் பக்கம் என்றான். மேலே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.