கணக்கேட்டில் ஒரு சிரிப்பு



வரலாறு என்றதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பவர் யாவர்? முடிசூடிய மன்னர், படை நடத்திய தளபதி, சட்டம் வகுத்த அமைச்சர் ஆகியோரே. ஆனால், அம்மன்னரின் களஞ்சியத்து நெல்லை அளந்து கணக்கெழுதியவன் ஒருவன் இருந்தான். அத்தளபதியின் வீரர்க்குச் சம்பளப் பட்டியல் எழுதியவன் ஒருவன் இருந்தான். அவனும் காலையில் எழுந்து பணிக்குச் சென்றான். மேலதிகாரியைக் கண்டு அஞ்சினான். அவர் தலை மறைந்ததும் பக்கத்து மேசைக்காரனோடு சேர்ந்து நகைத்தான். அடுத்த விடுமுறை என்று வரும் என விரல்விட்டு எண்ணினான். அவனுடைய வரலாற்றை எழுதுவார் அரியர். அலுவலகத்துச் சிரிப்பின் வரலாற்றில் ஒரு சிறு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முப்பதாண்டுகளுக்கு மேல் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டும், பிறர் கையொப்பமிடுவதைக் கண்காணித்தும் வாழ்ந்தவன் நான். ஆதலால் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு.

எடுத்துக்காட்டாக நான் தேர்ந்துகொள்ளும் அலுவலகம் நமக்குப் புதியதன்று. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய கிழக்கிந்தியக் கம்பெனியே அது. அக்கம்பெனியை நாம் வணிகமாகவும் படையாகவும் ஆட்சியாகவும் படித்திருக்கிறோம். அது ஒரு பெரிய அலுவலகமாகவும் இருந்தது. அதன் பணியாளருள் கடைநிலையில் இருந்தோர்க்கு ‘எழுத்தர்’ என்றே பெயர். 1744ஆம் ஆண்டில் இளைஞர் ஒருவர் அத்தகைய எழுத்தராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன். எழுதுகோலும் கணக்கேடும் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஒருநாள் தம் மேலதிகாரியான செயலாளரிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டார். மன்னிப்புக் கேட்குமாறு ஆளுநர் ஆணையிட்டார், இளைஞரும் கேட்டார். மனமிரங்கிய செயலாளர், பகையை மறந்து தம்முடன் உணவருந்த வருமாறு அவரை அழைத்தார். “மன்னிப்புக் கேட்கத்தான் ஆளுநர் ஆணையிட்டார், உம்மோடு உணவருந்த ஆணையிடவில்லை” என்று இளைஞர் விடையிறுத்தாராம். அவ்விளைஞரே பின்னாளில் பெயர்பெற்ற இராபர்ட்டு கிளைவு. ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றி, அதன் உயிரை மட்டும் விட்டுவிடும் கலையை இன்றைய அலுவலகத்தார் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பது இக்கதையால் விளங்குகிறதன்றோ?

கிளைவின் நகைப்பில் செருக்கு மிகுதி. அன்பு மிகுந்த நகைப்பைக் காண வேண்டுமாயின், கோட்டையை விட்டுக் கப்பலேறி, அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அது இலண்டன் மாநகரில், லீடன்ஹால் தெருவில் இருந்தது. தேயிலை, அவுரி, பட்டு, பருத்தித் துணி எனக் கீழ்த்திசைச் சரக்குகளின் கணக்கெல்லாம் அங்கேதான் வந்து குவிந்தது. நம் சோழமண்டலக் கரையில் நெய்த துணியும் அக்கணக்குகளில் இடம்பெற்றதுண்டு. அம்மாளிகையின் கணக்குப் பிரிவில் 1792ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் 17 வயது இளைஞர் ஒருவர் எழுத்தராகச் சேர்ந்தார். அவர் பெயர் சார்லஸ் லாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் கதை வடிவில் நமக்கு எளிமையாக்கித் தந்தவர் அவரே.

லாம் நல்ல பள்ளியில் பயின்றவர்; கவிஞர் கோல்ரிட்ஜின் பள்ளித் தோழர். ஆயினும் அவருக்குத் திக்குவாய். அக்குறையால் பல்கலைக்கழகத்தின் வாயில் அவருக்குத் திறக்கவில்லை. கணக்கேட்டின் அட்டைதான் திறந்தது. கம்பெனியில் சேர்ந்த முதல் 3 ஆண்டுகள் சம்பளம் கிடையாது. சிறு அன்பளிப்புத் தொகை மட்டுமே உண்டு. அதன் பிறகும் 30 ஆண்டுகள், ஆக 33 ஆண்டுகள், அவர் அதே மாளிகையில் எண்களைக் கூட்டியும் கழித்தும் காலங்கழித்தார். கோடையில் ஒரு வாரம் விடுமுறை, ஈஸ்டருக்கு ஒருநாள், கிறிஸ்துமசுக்கு ஒருநாள். முன்னாளில் அடியார் திருநாள்கள் பலவும் அலுவலக விடுமுறைகளாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிவிட்டனர். நாட்காட்டியில் சிவப்பெழுத்து நாள்கள் கறுத்துப் போனதை நினைந்து லாம் ஒரு கட்டுரையில் வருந்துகிறார். விடுமுறைப் பட்டியலில் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்ந்துவிட்டால் நம் ஆசிரியர் அறையில் எழும் பெருமூச்சை நான் அறிவேன். ஆதலால் அவ்வருத்தம் எனக்கு நன்கு விளங்குகிறது.

இத்தகைய சலிப்பான வாழ்வில் லாம் என்ன செய்தார்? நகைத்தார். ஒருநாள் மேலதிகாரி அவரை நோக்கி, “நீர் அலுவலகத்துக்கு மிகவும் தாமதமாக வருகிறீரே!” என்று கடிந்தாராம். “உண்மைதான் ஐயா, அதனை ஈடுசெய்யவே மாலையில் விரைந்து சென்றுவிடுகிறேன்” என்றாராம் லாம். கேட்டவர் திகைத்தாரோ சிரித்தாரோ, கதை சொல்லவில்லை. மற்றொன்று கேளுங்கள். அலுவலகத்தில் வட்டி கணக்கிடுவதற்கான பெரிய வாய்பாட்டு நூல் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் வட்டிக்கும் சுவைக்கும் ‘இன்ட்ரஸ்ட்’ என ஒரே சொல். லாம் அந்நூலைக் கையிலெடுத்து, புகழ்பெற்ற திறனாய்வு இதழ்கள் அதனைப் பாராட்டி மதிப்புரை எழுதியதுபோல் அதன் ஏட்டிலேயே எழுதி வைத்தார். மற்ற நூல்களில் போகப் போகச் சுவை குன்றும். இந்நூலிலோ கடைசிப் பக்கம் வரை ‘இன்ட்ரஸ்ட்’ ஏறிக்கொண்டே செல்கிறது என்பது அம்மதிப்புரைகளுள் ஒன்றன் கருத்து!

அவருடைய புனைபெயரும் அலுவலகம் அளித்த கொடையே. கம்பெனியில் சேருமுன் சில மாதங்கள் தென்கடல் மாளிகை என்னும் வேறோர் அலுவலகத்தில் அவர் பணி செய்தார். எலியா என்னும் இத்தாலிய எழுத்தர் ஒருவர் அங்கே இருந்தார். 1820ஆம் ஆண்டில் இலண்டன் இதழ் ஒன்றில் அவ்வலுவலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, அப்பழைய தோழரின் பெயரையே லாம் தம் பெயராகச் சூடிக்கொண்டார். ‘எலியாவின் கட்டுரைகள்’ என்னும் புகழ்பெற்ற நூல் இவ்வாறு பிறந்தது. ஆனால் லாமைக் கேட்டால் அதுவன்று தம் நூல் என்பார். தம் உண்மையான படைப்புகள் லீடன்ஹால் தெருவின் அலமாரிகளில் நூறு பெருந்தொகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அவர் வேடிக்கையாக எழுதினார். கணக்கேடுகளையே அவ்வாறு குறித்தார்.

மாணவ நண்பர்களே, இதுவரை கேட்டவை சிரிப்பதற்குரியவை. ஆனால் இச்சிரிப்பு எந்த மண்ணில் வேர்விட்டது என்பதையும் அறிதல் வேண்டும். லாமுக்கு மேரி என்ற தமக்கை இருந்தார். வீட்டுச் சுமையும் தையல் வேலையும் தாயின் நோயும் சேர்ந்து அவரை வாட்டின. 1796ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மனநோயின் வெறியில் அவர் தம் தாயையே கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அப்போது லாமுக்கு வயது 21. தமக்கையை வாழ்நாள் முழுவதும் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்றனர் சிலர். லாம் இசையவில்லை. “என் பொறுப்பில் விடுங்கள்” என்று வாக்களித்து மேரியைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். திருமணம் செய்துகொள்ளாமல், இறுதிவரை உடனிருந்து காத்தார். நோய் அவ்வப்போது திரும்பி வரும். அதன் அறிகுறி தோன்றியதும் தம்பியும் தமக்கையும் கண்ணீர் வடிய, கைகோத்துக் காப்பகத்தை நோக்கி நடந்து செல்வதைக் கண்டதாக நண்பர் ஒருவர் கூறியுள்ளார். உடல்நலம் தேறியிருந்த காலத்தில் அவ்விருவரும் ஒரே மேசையில் அமர்ந்து எழுதிய நூலே 1807இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் கதைகள்.

லாம் ஏன் 33 ஆண்டுகள் அந்த மேசையை விட்டு எழவில்லை என்பது இப்போது விளங்கும். அம்மேசை தந்த சம்பளமே தமக்கையின் மருந்தாகவும் உணவாகவும் ஆயிற்று. தாமதமாக வந்த அந்த எழுத்தர் தம் கடமையைக் கைவிட்டவரல்லர். பதிவேடு அறியாத பெரிய கடமையொன்றைத் தோளில் சுமந்துகொண்டு, கூடவே ஒரு நகைச்சுவையையும் எடுத்து வந்தவர்.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. என் தவறொன்றை இங்கே ஒளிக்காமல் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியொன்றில் தமிழாசிரியர் ஒருவர் நாள்தோறும் பத்து நிமிடம் தாமதமாக வருவார். மணி அடித்ததும் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுப்பது என் வழக்கம். கோட்டுக்குக் கீழே கையொப்பமிடுவோர் காரணமும் எழுத வேண்டும். அவர் முதல் நாள் ‘பேருந்து தாமதம்’ என்று எழுதினார். மறுநாள் முதல் ‘மேற்படி’ என்றே எழுதி வந்தார். ஒருநாள் பேருந்து வேலைநிறுத்தம். அவர் மிதிவண்டியில் வந்தார். அன்றும் ‘மேற்படி’ தான்! ஆசிரியர் அறை குலுங்கச் சிரித்தது. எனக்கோ சினம் மூண்டது. விளக்கம் கேட்டேன். “தவறு என்னுடையதே, திருத்திக்கொள்ள முயல்கிறேன்” என்று ஒரு வரியில் விடை தந்தார். நான் மேலிடத்துக்கு எழுதினேன். அவருடைய ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போயிற்று.

அதன் பின்னரே எங்கள் அலுவலக உதவியாளர் என்னிடம் உண்மையைச் சொன்னார். அத்தமிழாசிரியரின் மனைவியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணைக்கு இருக்கும் பக்கத்து வீட்டு அம்மையார் வந்த பிறகே இவர் புறப்பட இயலும். நான் அவரை அழைத்து, “இதனை ஏன் ஐயா நீங்கள் எழுதவில்லை?” என்றேன். அவர் புன்னகையோடு, “ஐயா, காரணம் எழுதும் கட்டம் இரண்டு விரற்கடை அகலந்தான். அதற்குள் அடங்குவதைத்தானே எழுத முடியும்?” என்றார்.

அன்றே பாட வேளைப் பட்டியலை மாற்றினேன். முதல் வேளை அவருக்கு வகுப்பின்றி ஒழிவாயிற்று; ஈடாக மாலையில் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கற்பித்தார். ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டு கால்மணி நேரத்தில் முடிந்த மாற்றம் அது. அதனை முன்னரே செய்திருக்கலாம். அந்த ஆறு மாத ஊதியத்தை மட்டும் என்னால் அவருக்கு மீட்டுத் தர இயலவில்லை.

கம்பெனியின் இயக்குநர்கள் அவ்வகையில் என்னினும் மேம்பட்டனர் என்றே சொல்ல வேண்டும். 1825ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், உடல் தளர்ந்திருந்த லாமுக்கு அவர்கள் ஓய்வு அளித்தனர்; ஆண்டுக்கு 441 பவுன் ஓய்வூதியமும் வழங்கினர். அவருக்குப் பின் மேரிக்கும் உதவி கிடைக்க வகை செய்து, அதற்கென 9 பவுன் கழித்த பின் நின்ற தொகை அது. மார்ச்சு 29ஆம் நாள் அவர் அலுவலகத்தைவிட்டு வெளியேறினார். முதலில் அளவிலா மகிழ்ச்சி. சிறைக் கதவு திறந்தாற்போன்ற உணர்வு. பிறகோ, கையில் குவிந்த காலத்தை என்ன செய்வது என்ற திகைப்பு. அவ்வனுபவத்தை, பெயரையும் இடத்தையும் மாற்றி, ‘ஓய்வு பெற்ற மனிதன்’ என்னும் பொருளில் ஒரு கட்டுரையாக அவர் எழுதினார். பழைய தோழரைக் காண அலுவலகம் செல்வதும், தம் மேசையும் தொப்பி மாட்டும் முளையும் வேறொருவர்க்கு உரியவையாகிவிட்டதைக் காண்பதும் அதில் வருகின்றன.

நானும் ஓய்வு பெற்ற மறுமாதம் என் பழைய பள்ளிக்குச் சென்றேன். புதிய தலைமையாசிரியர் எழுந்து நின்று வரவேற்றார். ஆனால் நான் அமர்ந்தது வந்தவர்க்குரிய நாற்காலியில். காலை மணி அடித்தது. என் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்பு எழுதுகோலைத் தேடிற்று. பக்கத்தில் நின்ற தமிழாசிரியர் அதனைக் கண்டு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவருடைய சிரிப்பில் என் பழைய பிழையை அவர் மன்னித்தது தெரிந்தது.

லீடன்ஹால் தெருவின் அம்மாளிகை 1861இல் இடிக்கப்பட்டது. கம்பெனியும் மறைந்தது. லாம் 1834இலும் மேரி 1847இலும் காலமாயினர். தேயிலையையும் அவுரியையும் கணக்கிட்ட ஏடுகளை இன்று தேடிப் படிப்பார் சிலரே. எலியாவின் கட்டுரைகளைப் படிப்பார் பலர். மாணவர்களே, நாளை நீங்களும் பணிக்குச் செல்வீர்கள். உங்களுள் சிலர் கையொப்பமிடுவீர்கள். சிலர் சிவப்புக் கோடு இழுப்பீர்கள். இன்று பல இடங்களில் கையொப்பத்துக்கு மாறாக விரல்ரேகையைக் கருவி பதிந்துகொள்கிறது. வந்த நேரத்தை அது நொடி பிசகாமல் காட்டும். வீட்டில் விட்டு வந்த சுமையைக் காட்டாது. அதனைக் கேட்டறிய வேண்டியவர் நீங்களே. பக்கத்து மேசையில் ஒருவர் ‘மேற்படி’ என்றெழுதிச் சிரித்தால், நீங்களும் உடன் சிரியுங்கள், சிரித்த பிறகு அருகே சென்று, “வீட்டில் எல்லாரும் நலமா?” என்று ஒருமுறை கேளுங்கள்.