பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பேராசிரியர்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "ரிட்டையர்மென்ட் பணத்தை என்ன செய்தீர்கள் சார்?" என்ற கேள்வியிலிருந்து எங்களில் யாரும் தப்பியதில்லை. மனை, பெண் கல்யாணம், வங்கியில் வைப்பு. தப்பில்லை. அறுபது வயதில் வேறு பதில் சொன்ன ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

மால்கம் ஆதிசேஷையா. 1910-ல் வேலூரில் பிறந்தவர். 1940 முதல் 1946 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். பிறகு யுனெஸ்கோ, துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து 1970-ல் ஓய்வு பெற்றார். பாரிஸிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து, 1971-ல் மனைவி எலிசபெத்துடன் சேர்ந்து, சொந்தச் சேமிப்பைப் போட்டு, அடையாறு காந்தி நகரில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் அதைத் தேசிய நிறுவனமாக ஏற்றது 1977-ல்தான்.

1975 முதல் 1978 வரை அவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அந்தக் காலத்தை நம்மூர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் அடுத்து பி.யு.சி. அது கல்லூரியில்தான். திருச்சிக்குப் போய் விடுதியில் தங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, படிப்பு அதோடு சரி. 1978-ல் பிளஸ் டூ வந்தது. கல்லூரியில் இருந்த படிப்பு பள்ளிக்கூடத்துக்கே வந்தது. இதை அவர் ஒருவரே கொண்டுவந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேல்நிலைக் கல்வியை ஆராய்ந்து அதே 1978-ல் மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவுக்கு அவர்தான் தலைவர். புத்தகத்தோடு கைவேலையும் படிப்பாக வேண்டும் என்றது அந்தக் குழு. பின்னாளில் தொழிற்பிரிவை, மார்க் குறைந்த பிள்ளைகளை ஒதுக்கும் இடமாக ஊர் ஆக்கிவிட்டது. என் வகுப்பறைகளில் அந்தப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அக்குழு கேட்டது அதுவல்ல.

1994-ல் மறைந்தார். யுனெஸ்கோ 1998-ல் அவர் பெயரில் எழுத்தறிவுப் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. பரிசை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது காந்தி நகர்க் கட்டடம்தான். அங்கே சமூக அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு நடக்கிறது. சுண்ணாம்புச் சுரங்கத்தால் நிலம் என்ன ஆனது, சின்ன வெங்காயம் விலை சரிந்தால் செட்டிகுளம் விவசாயி என்ன ஆகிறார் என்பதெல்லாம் நம் பிள்ளைகள் செய்ய வேண்டிய ஆராய்ச்சி. எம்.ஏ. முடித்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த முகவரியைச் சொல்லுங்கள்: இரண்டாவது பிரதான சாலை, காந்தி நகர், அடையாறு.