முகத்தில் எழுதிய எண்

அமெரிக்காவில் புதிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவரிடம், சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் விற்பனை நிலையத்தார் ஒரு கேள்வி கேட்பதுண்டு. முன்பக்க எண்பலகைக்காக பம்பரில் துளை போடலாமா, வேண்டாமா? விஷயம் என்னவோ சில திருகாணித் துளைகள்தான். ஆனால் அந்தக் கேள்வியின் முன் பலர் தயங்கி நிற்கிறார்கள். சிலர் வேண்டாம் என்று சொல்லிப் பலகையை டிக்கியில் போட்டுக்கொண்டு, அபராதச் சீட்டு வரும் நாள்வரை அப்படியே ஓட்டுகிறார்கள். சிலர், பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கென்று பம்பரில் விடப்பட்டிருக்கும் திருகுத் துளையில் ஒரு தண்டைச் செருகி, அதன் முனையில் பலகையை ஓரமாகத் தொங்கவிடுகிறார்கள். பம்பரில் காயம் இல்லை. சட்டத்திற்கும் குறை இல்லை. இந்தத் தண்டை விற்பதற்கென்றே ஒரு சிறு வியாபாரம் நடக்கிறது.

வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இது பணக்காரரின் வீண் கவலையாகத் தோன்றலாம். ஓரளவு அப்படித்தான். ஆயினும் இந்தச் சில துளைகளுக்குப் பின்னால் நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான ஒரு பேரம் இருக்கிறது. வேகமாகப் போக விரும்பியவனுக்கும், அவன் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தவனுக்கும் இடையில் நடந்த பேரம் அது. அதைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை பாரிஸில் தொடங்குகிறது. 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று அந்நகரத்தின் காவல்துறைத் தலைமையகம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒவ்வொரு இயந்திர வாகனமும் உரிமையாளரின் பெயர், முகவரி, அனுமதி எண் ஆகியவை பொறித்த உலோகத் தகடு ஒன்றைத் தாங்க வேண்டும். அது வண்டியின் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். ஒருபோதும் மறைக்கப்படக் கூடாது. பின்னாளில் உலகெங்கும் வந்த எண்பலகைச் சட்டங்களின் கரு முழுவதும் இந்த ஆணையில் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான், அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதே அந்தக் கரு. 1898இல் நெதர்லாந்து நாடு முழுமைக்குமான எண்பலகை முறையை ஏற்படுத்தியது.

பேரம் வெளிப்படையாக நடந்த இடம் இங்கிலாந்து. 1896 ஆகஸ்டில் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் திடலில், மக்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டப்பட்ட மோட்டார் வண்டி ஒன்றில் அடிபட்டு பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி இறந்தார். பிரிட்டனில் மோட்டார் வண்டியால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அதே ஆண்டின் சட்டம் மோட்டார் வண்டிகளுக்கு மணிக்கு 14 மைல் வேகத்தை அனுமதிக்க, அரசுத் துறை அதை 12 மைலாகக் குறைத்தது. வண்டிகளோ அதைவிட வேகமாக ஓடக்கூடியவையாக வளர்ந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்துச் சாலைகளையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். தார் போடாத மண்சாலை. வண்டி கடந்த பின் எழும் புழுதி. ஓட்டுகிறவரின் முகத்தில் பெரிய கண்ணாடி, வாயை மூடிய துணி, தலையில் தொப்பி. கோழியையோ குழந்தையையோ மோதிவிட்டுப் போனவர் யாரென்று கிராமத்தான் எப்படிச் சொல்வான்?

1903இல் வந்த மோட்டார் கார் சட்டம் இரு தரப்புக்கும் ஏதோ ஒன்றைக் கொடுத்தது. வேக வரம்பு மணிக்கு 20 மைலாக உயர்ந்தது. அதற்கு ஈடாக ஒவ்வொரு வண்டியும் பதிவு செய்யப்பட்டு எண் தாங்க வேண்டும் என்றானது. தங்களை வாடகை வண்டிக்காரர்களைப் போல எண்ணிட்டு நடத்துவதா என்று மோட்டார் வைத்திருந்த கனவான்கள் குமுறினார்கள். ஆனாலும் வேகம் கிடைக்கிறதே என்று இணங்கினார்கள். 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி, எண் வண்டியின் முன்னும் பின்னும் இருக்க வேண்டும் என்றும், இரவில் பின் எண்ணுக்கு விளக்கு வெளிச்சம் வேண்டும் என்றும் சொன்னது. பின்னால் மட்டும் இருந்தால் புழுதியில் மறையும். எதிரே வரும்போதே படிக்க முடிந்தால்தான் சாட்சி சொல்ல முடியும். முன்பலகையின் நியாயம் அன்றைக்கே இவ்வளவு எளிமையானது.

குமுறலின் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். லண்டனில் ஏ1 என்ற எண்ணைப் பெற்றவர் ஃபிராங்க் ரஸ்ஸல் பிரபு. தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன். அந்த எண்ணுக்காக இரவு முழுவதும் வரிசையில் காத்திருந்தார் என்பார்கள். அவமானம் என்று சொல்லப்பட்ட எண், முதல் நாளிலேயே ஆசைப்படும் பொருளாகிவிட்டது. அந்த ஆசை இன்றும் தணியவில்லை. 2023இல் துபாயில் நடந்த அறக்கொடை ஏலத்தில் பி7 என்ற எண் ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்கு விலைபோனது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1901இல் பதிவை ஏற்படுத்தியபோது, உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தாமே வண்டியின் பின்புறம் பொருத்திக்கொண்டால் போதும் என்றது. தோல் துண்டிலும் மரப்பலகையிலும் எழுதிக் கட்டிக்கொண்டார்கள். அரசே பலகை செய்து கொடுத்த முதல் மாநிலம் மாசசூசெட்ஸ். 1903இல் அது கொடுத்தவை இரும்பின் மேல் எனாமல் பூசிய நீல நிறத் தகடுகள். ஒரு மாநிலத்தின் பதிவை இன்னொரு மாநிலம் ஏற்காத குழப்பமும் இருந்தது. வெளி மாநில வண்டிகளையும் பதிவு செய்யச் சொல்லும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915இல், ஹென்ட்ரிக் எதிர் மேரிலாண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆபத்தான இயந்திரத்தைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவருகிறவனை அடையாளம் கேட்கலாம் என்பது சட்டமாக நிலைபெற்றது.

இதே ஆண்டுகளில்தான் வேகம் அழகாகவும் ஆயிற்று. இத்தாலியக் கவிஞர் மரினெத்தி 1909இல் ஃபிகாரோ நாளிதழில் வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கை பந்தயக் காரைக் கலைப்பொருளாகக் கொண்டாடியது. விநோதம் என்னவென்றால், அந்தப் பந்தயக் கார்கள் எண்ணை வெறுக்கவில்லை. மூக்கிலும் பக்கங்களிலும் பெரிதாக எழுதிக்கொண்டன. 1955இல் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தை ஸ்டெர்லிங் மாஸ் வென்ற மெர்சிடிஸ் காரின் எண் 722. காலை 7 மணி 22 நிமிடத்திற்குப் புறப்பட்டது என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் தூரத்தைப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்த அந்த ஓட்டத்திற்குப் பின் அந்த எண் ஒரு காவியப் பெயரானது. அரை நூற்றாண்டு கழித்து மெர்சிடிஸ் நிறுவனம் தன் புதிய கார் ஒன்றுக்கு அதையே பெயராக வைத்தது. ஆக, காரின் முகத்துக்கு ஒவ்வாதது எண் என்று சொல்வதற்கில்லை. பார்வையாளன் படிக்கும் எண் அலங்காரமாகிறது; காவலன் படிக்கும் எண் கறையாகிறது.

எனினும் ஓட்டுகிறவர்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு வெறும் முகப்பூச்சு அன்று. எஞ்சினைக் குளிர்விக்கும் காற்று உள்ளே நுழைவதும், வண்டியைச் சுற்றி ஓடும் காற்று பிரிவதும் அந்த இடத்தில்தான். அங்கே செங்குத்தாக ஒரு தட்டையான தகட்டை நிறுத்துவது, வாசலில் பெட்டியை வைப்பதைப் போன்றது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் இந்தச் சிக்கலின் சிறந்த உதாரணம். அதன் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். காற்றைக் கணக்கிட்டு வளைவுகளைத் தீர்மானித்தவர். முன்பக்கத்தில் சிறிய நீள்வட்ட வாய் ஒன்று. அதற்கு மேல் நீண்டு வளைந்த பானெட். பலகைக்கு இடமே இல்லை. எண்ணைப் பானெட்டின் வளைவின் மீதே ஒட்டிவிட்டார்கள். ஜெனீவாவுக்காக இங்கிலாந்திலிருந்து இரவோடிரவாக ஓட்டிச்செல்லப்பட்ட திறந்த கார் இன்றும் அதன் எண்ணாலேயே, 77 ஆர்டபிள்யூ என்றே அழைக்கப்படுகிறது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996இல் ஓர் ஈ-டைப் காரைத் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

மற்றவர்களும் தத்தம் வழியைக் கண்டார்கள். ஆல்ஃபா ரோமியோவின் முகத்தில் நடுவே இறங்கும் கேடய வடிவ கிரில் அந்நிறுவனத்தின் அடையாளம். அதை மறைக்க மனமில்லாமல் 1997இன் 156 காரில் பலகையை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கோணல் அழகாகிப் பழகிவிட்டது. சுவிட்சர்லாந்தில் சட்டமே இறங்கிவந்தது. அங்கே முன்பலகை 30 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட சிறு தகடு, பின்பலகைதான் பெரியது.

சட்டம் எப்போது முழுவதும் விட்டுக்கொடுத்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரிட்டனில் மோட்டார் சைக்கிள்களின் முன் மட்கார்டின் மேல் வளைந்த எண்தகடு ஒன்று நிற்கும். அதன் விளிம்பு மோதியவரைக் கிழிக்கக்கூடியது என்பதால் பாதசாரிகளை அறுக்கும் கத்தி என்றே அதற்குப் பெயர் வந்தது. 1975இல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. யாருடைய பாதுகாப்புக்காகப் பலகை வந்ததோ அவருக்கே அது ஆபத்தானபோது சட்டம் வளைந்தது. ஆனால் அதே நாட்டில் கார்களுக்கு 1973 முதல் ஒளியைத் திருப்பிக்காட்டும் தகடு கட்டாயமானது. முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். இருட்டில் விளக்கின்றி நிற்கும் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதைக்கூட அந்தத் தகடு சொல்லிவிடும்.

இக்கதையின் மிக நயமான திருப்பம் ஹாலந்தில் நிகழ்ந்தது. மோரிஸ் காட்சோனிடெஸ் என்பவர் 1953இல் மான்டி கார்லோ ராலியை வென்ற ஓட்டுநர். வளைவுகளில் தன் வேகத்தை இன்னும் கூட்டுவதற்காக, அதைத் துல்லியமாக அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கினார். அந்தக் கருவியின் வழித்தோன்றல்தான் சாலையோர வேகக் கேமரா. வேகமாகப் போக விரும்பியவனின் அளவுகோலே வேகத்தைப் பிடிக்கும் பொறியானது. 1976இல் பிரிட்டிஷ் காவல்துறையின் அறிவியல் பிரிவு எண்பலகையைத் தானாகப் படிக்கும் முறையைக் கண்டது. அன்று முதல் பலகையின் வாசகன் மனிதன் மட்டும் இல்லை; களைப்படையாத, மறக்காத இயந்திரமும் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் பழைய பேரம் சற்று ஆட்டங்காண்கிறது. அடிபட்டுக் கிடந்தவன் படிப்பதற்காக எழுதப்பட்ட எண், எந்தத் தவறும் செய்யாதவன் எங்கெல்லாம் போனான் என்பதையும் சேர்த்துவைக்க உதவுகிறது. முன்பலகையை மறுப்பவர்களில் சிலர் அழகைச் சொல்கிறார்கள். சிலர் இந்தக் கண்காணிப்பைச் சொல்கிறார்கள். இரண்டாவது மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

அமெரிக்க மாநிலங்கள் இன்றும் இருவேறாகப் பிரிந்து நிற்கின்றன. இருபதுக்கும் மேற்பட்டவை பின்பலகை மட்டும் போதும் என்கின்றன. ஒஹையோ 2020 ஜூலையிலும் யூட்டா 2025 ஜனவரியிலும் முன்பலகையைக் கைவிட்டன. ஒஹையோவில் காவல்துறையினர் எதிர்த்தும் பயனில்லை. இரு பலகை கேட்கும் கலிஃபோர்னியாவில், ஸ்டீவ் ஜாப்ஸ் தம் வெள்ளிநிற மெர்சிடிஸ் காரைப் பலகையே இல்லாமல் ஓட்டிவந்தது ஊரறிந்த சங்கதி. புது வண்டிக்குப் பலகை பொருத்த அங்கே அன்று சில மாத அவகாசம் இருந்தது. அந்த ஓட்டை 2019 ஜனவரியில் அடைபட்டது. இப்போது விற்பனை நிலையத்திலிருந்து வெளியே வரும்போதே தற்காலிக எண் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

மீண்டும் அந்த பம்பருக்கும் துளைகளுக்கும் வருவோம். வழவழப்பான அந்த முகத்தில் திருகு இறங்குவதைக் காணப் பொறாதவர்மேல் நமக்கு இரக்கம் உண்டு. அழகிய பொருளுக்கு வரும் சிறு காயமும் காயம்தான். ஆனால் அந்த முகம் அவருக்கு மட்டும் உரிய முகம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே அமர்ந்து ஓட்டுகிறவர் அதைப் பார்ப்பதே இல்லை. அதைப் பார்க்கிறவர் எதிரே வருகிறவர். சாலையைக் கடக்கக் காத்திருக்கிறவர். ஒருவேளை கடைசியாக அதையே பார்க்கிறவர். அவருக்காகத்தான் அங்கே ஓர் எண் எழுதப்பட்டது. இருபது மைல் வேகத்துக்கு விலையாக 1903இல் ஒப்புக்கொள்ளப்பட்டது அது. இன்று வேகம் பத்து மடங்கு கூடிவிட்டது. விலை மட்டும் அதே சிறு தகடாகவே இருக்கிறது.