ஹுதைபிய்யா: செயலே கட்டளையான நாள்

தலைவரின் கட்டளை தெளிவாக இருந்தும், அவர்மீது உயிரையே வைத்திருக்கும் மக்கள் அசையாது நிற்கும் வேளையும் வரலாற்றில் உண்டு. அவ்வேளையில் தலைமை செய்ய வேண்டியது யாது? ஹுதைபிய்யா இதற்கு விடை தருகிறது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு (கி.பி. 628) துல்கஅதா மாதம், உம்ராவை நாடி இஹ்ராம் அணிந்து வந்த ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களை மக்காவின் அருகே குறைஷியர் தடுத்தனர். ஸுஹைல் இப்னு அம்ருடன் உடன்படிக்கை கையெழுத்தானது. 10 ஆண்டுகள் போர் இல்லை; ஆயினும் இவ்வாண்டு கஅபாவைக் காணாமலே திரும்ப வேண்டும்; மக்காவிலிருந்து தப்பி வருவோரைத் திருப்பி அனுப்ப வேண்டும். விலங்குடன் ஓடிவந்த ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) கண்ணெதிரே ஒப்படைக்கப்பட்டார். தோழர்களின் நெஞ்சம் வெந்தது.

எழுந்து பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மும்முறை பணித்தார்கள். ஒருவரும் எழவில்லை. சற்று முன்னர் மரத்தடியில் பைஅத் செய்த அதே தோழர்கள்தாம் இவர்கள்!

கவலையுடன் கூடாரத்தினுள் வந்த நபியவர்களிடம் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஓர் ஆலோசனை கூறினார்கள்: எவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே சென்று, தங்கள் ஒட்டகத்தை அறுத்து, நாவிதரை அழைத்து முடி களைந்துகொள்ளுங்கள் என்பதே அது. பெருமானார் அவ்வாறே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் எழுந்தனர், பிராணிகளை அறுத்தனர், துயரம் தாளாமலே ஒருவர் தலையை மற்றவர் மழித்தனர். ஸஹீஹுல் புகாரீ தரும் செய்தி இது.

மும்முறை சொல்லியும் எழாதவர்கள் ஒரு செயலைக் கண்டு எழுந்தது ஏன்? இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரீயில் கூறும் விளக்கங்களுள் ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. இஹ்ராமைக் களைவது தங்களுக்கு மட்டும் தரப்பட்ட சலுகை. நபியவர்கள் இஹ்ராமிலேயே இருப்பார்கள் எனத் தோழர்கள் எண்ணியிருக்கலாம். தலைவரே களைந்தபின் அந்த ஐயத்திற்கு இடமில்லை. ஆக, கட்டளையின் பொருளையே அச்செயல் தெளிவாக்கியது.

மறு ஆண்டு உம்ரா நிறைவேறியது. ஹிஜ்ரி 8இல் 10,000 பேர் மக்காவினுள் நுழைந்தனர்.

நம் சொல் ஏறாதபோது மிம்பரிலும் வகுப்பறையிலும் நாம் குரலை உயர்த்துகிறோம்; கேட்போரைக் குறை கூறுகிறோம். அண்ணலார் தம் தோழர்களை ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை. தாமே முதலில் செய்தார்கள். நமக்கு வேண்டிய பாடம் இதுவே.