ஸ்டீம் டிராப் செய்த சீன நிபுணர்

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜான் சர்வீஸ் என்பவர் நியூயார்க்கில் ஸ்டீம் டிராப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நீராவிக் குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியேற்றி, நீராவியை உள்ளேயே நிறுத்தும் வால்வுதான் ஸ்டீம் டிராப். அந்தத் தொழிலிலும் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் ஆழமாக அறிந்தது சீனாவை. 1909-இல் செங்டூவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, சீன மொழியைச் சரளமாகப் பேசிய அமெரிக்க வெளியுறவு அதிகாரி அவர்.

1944 ஜூலையில் அமெரிக்கா அவரை யெனானுக்கு அனுப்பியது. மாவோவின் தலைமையகம் அங்கேதான் இருந்தது. மாவோவுடன் மணிக்கணக்கில் பேசிவிட்டு, பார்த்ததை அப்படியே எழுதி அனுப்பினார் சர்வீஸ்: சியாங் கை ஷேக்கின் அரசு மக்கள் ஆதரவை இழந்துகொண்டிருக்கிறது, கம்யூனிஸ்டுகளைச் சீனாவில் இனி ஒதுக்கிவிட முடியாது. 1949-இல் அதுதான் நடந்தது.

கணிப்பு பலித்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? வாஷிங்டனில் கேள்வி வேறு மாதிரி எழுந்தது: "சீனாவை யார் தொலைத்தது?" 1950-இல் செனட்டர் மெக்கார்த்தி பட்டியலோடு கிளம்பினார். 1951 டிசம்பரில் சர்வீஸின் வேலை போனது. 1954-இல் அவருடைய சகா ஜான் பேட்டன் டேவிஸ் நீக்கப்பட்டார். அவர் பெரு நாட்டுக்குப் போய் மரச்சாமான்கள் செய்து பிழைத்தார். மங்கோலியாவையும் சீன எல்லைப்புறங்களையும் ஆராய்ந்த பேராசிரியர் ஓவன் லாட்டிமோர் வருடக்கணக்கில் வழக்குக்காக அலைந்தார். இவர்கள் யாரும் ரகசியத்தை விற்றதாக நிரூபிக்கப்படவில்லை.

1957 ஜூனில் சர்வீஸை நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. வாஷிங்டன் பதறிப்போய், 1958 செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அறிவியலோடு மொழிகளும் பாதுகாப்புத் தேவையாகின. சீனம், ஜப்பானியம், ரஷ்யன், அரபு போன்றவற்றைப் படிக்கும் பட்டதாரிகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. இந்தச் சட்டம் போட்ட வழியில்தான் பிற்பாடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலர் தமிழும் படித்தார்கள். ஹார்வர்டில் ஜான் ஃபேர்பேங்க் 1955-இல் தொடங்கிய கிழக்காசிய ஆய்வு மையம் போன்ற இடங்களில் இளைஞர்கள் குவியத் தொடங்கினார்கள்.

எங்கள் துறையில் இதைப் பார்க்காதவர் குறைவு. பழைய சிஸ்டத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த இரண்டு பேரை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஃப்ரெஷர்களுக்கு டிரெய்னிங் பட்ஜெட் ஒதுக்குவார்கள். சிக்கல் என்னவென்றால், புரொடக்ஷன் அதுவரை காத்திருக்காது.

வியட்நாமும் காத்திருக்கவில்லை. 1959-இல் உதவித்தொகையில் சேர்ந்த ஒருவர் சீன எழுத்துகளைக் கற்று, சீனாவுக்குள் போக முடியாததால் தைவானிலோ ஹாங்காங்கிலோ தங்கி ஆராய்ந்து, ஆய்வேட்டை முடிப்பதற்குள் எட்டு வருஷமாவது ஓடிவிடும். 1965 மார்ச்சிலேயே அமெரிக்கக் கடற்படை வீரர்கள் டா நாங்கில் இறங்கிவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1995-இல் வெளியான நினைவுக் குறிப்பில், அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா இதை ஒப்புக்கொண்டார். மெக்கார்த்தி காலத்தில் சீன நிபுணர்கள் களையெடுக்கப்பட்டதால், ஆலோசனை கேட்கத் தகுந்த ஆள் இல்லாமல் போனது என்று எழுதினார். மெக்னமாராவின் பொறுப்பை இது குறைத்துவிடாது. ஆனாலும் அந்த வெற்றிடம் உண்மை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் பணம் வாங்குபவர், அரசைப் பலவந்தமாகக் கவிழ்க்கும் கொள்கையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு 1962-இல்தான் அது நீங்கியது. ஆனால் பிரமாணம் வாங்கினால் சிந்தனை அடங்கிவிடுமா? 1968-இல் ஆசியவியல் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் சேர்ந்து, வியட்நாம் போரை எதிர்த்து, அக்கறையுள்ள ஆசிய ஆய்வாளர்கள் குழுவைத் தொடங்கினார்கள். தங்கள் துறையின் மௌனத்தையே கேள்வி கேட்டார்கள். பாதுகாப்பின் பெயரால் அரசு வளர்த்த துறைக்குள்ளிருந்தே இந்தக் குரல் வந்தது. 1971-இல் அவர்களில் ஒரு குழு சீனாவுக்கே போய் சூ என்லாயைச் சந்தித்தது.

ஆக, உதவித்தொகை வீண் என்று சொல்ல வரவில்லை. அது ஒரு தலைமுறையையே உருவாக்கியது. ஆனால் அதனால் ஆளைத்தான் தயார் செய்ய முடியும். அந்த ஆள் கசப்பான அறிக்கை எழுதும் நாளில் அவருக்கு யார் காவல் என்பது தனிக் கேள்வி. இன்று கொள்கை ஆய்வு நிறுவனங்களில் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்கள் தொகையையும் காலத்தையும் விசாரிக்கிறார்கள். இதையும் விசாரிக்கலாம்: பணம் தருபவருக்குப் பிடிக்காத முடிவை எழுதிய முந்தைய ஃபெல்லோ இப்போது எங்கே இருக்கிறார்?

சர்வீஸ் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார், ஆனால் சீன விவகாரங்களில் அல்ல. லிவர்பூலில் தூதரக அதிகாரியாக இருந்து 1962-இல் ஓய்வுபெற்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பெர்க்லியில் மாணவராகச் சேர்ந்து முதுகலை முடித்தார். பிறகு அங்கேயே சீன ஆய்வு மையத்தின் நூலகத்தில் வேலை பார்த்தார், சீனாவைப் படிக்க வந்த இளைஞர்களுக்கு நடுவே.