திரை இல்லாத சர்வரும் எங்க கரிசக்காடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச பதிவு. கூடப் படிச்சவன்ல பாதிப்பேரு சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிட்டான். நான் கோவில்பட்டியிலயே உக்காந்து சென்னையில இருக்குற சர்வரைப் பாத்துக்குறேன். இது எப்படி சாத்தியமாச்சுன்னா, 1995-ல இருந்து சொல்லணும்.

அந்த வருசம் பின்லாந்துல, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கை யாரோ ஒட்டுக்கேட்டு கடவுச்சொற்களைத் திருடிட்டாங்க. தூரத்துக் கணினிக்குள்ள போக அப்போ இருந்த டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காம அப்படியே அனுப்பும். கடுப்பாகி அங்க இருந்த டாட்டு இலோனென் எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23. நடுவுல காலியா கெடந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கிட்டார். (கேட்டா கொடுத்துடுற காலம் அது :-))

அதே 1995, ஆகஸ்ட் 15-ல வி.எஸ்.என்.எல். நம்ம நாட்டுல இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துச்சு. விலை கம்மியான 'ஷெல்' கணக்குல படமே கிடையாது. அவங்க யூனிக்ஸ் இயந்திரத்துக்குள்ள போயி வெறும் எழுத்துலதான் மடல் பாக்கணும். குறைன்னுதான் தோணும். ஆனா ஒரு கட்டளைக்குச் சில பைட்டுதான், அதுக்கு மெதுவான டயலப்பே தாராளம். எங்க ஊரு லைனுக்கு இதுதானே தோது!

விண்டோஸ் இந்தப் பக்கம் வர ரொம்ப வருசமாச்சு. 2008-ல சர்வர் கோர்: ஸ்டார்ட் மெனு கிடையாது, ஒரு கறுப்பு ஜன்னல் மட்டும். தூரத்துல இருந்து ஒழுங்கா கட்டளை கொடுக்க 2009-ல பவர்ஷெல் 2 வரவேண்டியிருந்துச்சு. 2016-ல நேனோ சர்வர். நேர்ல போயி கீபோர்டை மாட்டினாலும் நெட்வொர்க், ஃபயர்வால் சரிபண்ண ஒரு மீட்புத்திரைதான் வரும். வட்டு அளவு 93% கம்மி, ரீபூட் 80% கம்மின்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. நம்ம கடலைமிட்டாய் மாதிரி: கடலை, பாகு, அவ்வளவுதான். ஆனா 2017-லயே அதை கன்டெய்னருக்கு மட்டும்னு ஒதுக்கிட்டாங்க. எனக்கு வருத்தம்தான். விண்டோஸ் சர்வர் 2019-ல ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கூடவே வந்தப்போ, அந்த 22-ம் நம்பர் கதவு இங்கயும் திறந்துச்சு.

கதவுன்னதும் ஞாபகம் வருது. ஒருநா ராத்திரி ஒரு லினக்ஸ் சர்வர்ல ஃபயர்வால் விதியை வரிசை மாத்திப் போட்டு 22-ஐ நானே அடைச்சுட்டேன். உள்ள ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட கணக்கு முழுக்க இருக்கு. விடிஞ்சா அவங்க பில் போடணும். பஸ் ஏறி, காலையில கோயம்பேட்டுல எறங்கி, ஓடிப்போயி ஒரே ஒரு வரி தட்டினேன். அன்னையில இருந்து, பத்து நிமிசத்துல பழைய விதி தானா திரும்புற மாதிரி ஒரு வேலையை முதல்ல போட்டுட்டுத்தான் ஃபயர்வால்லயே கைவைக்கிறது.