சொந்தத்தில் கல்யாணமும் மரபணுவும்

லாஸ்பேட்டை உட்பட புதுச்சேரி வட்டாரத்தில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது நெடுங்கால வழக்கம். சொத்து சிதறாது, பெண் கண் முன்னே இருப்பாள் என்ற கணக்கு அது. ஆனால் மூக்கும் நிறமும் போலவே சில நோய்களும் மரபணு வழியே வருகின்றன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனப் பிள்ளைக்கு இரு பிரதிகள். ஒன்று மட்டும் பழுதானால் பல நோய்கள் வெளிப்படுவதில்லை; இரண்டும் பழுதானால் வெளிப்படும். இரண்டும் ஒரே முன்னோரிடமிருந்து வரும் வாய்ப்பு, தாய்மாமனை மணந்தவளின் பிள்ளைக்கு 8-இல் 1. மாமன் மகளை மணந்தவனின் பிள்ளைக்கு 16-இல் 1.

முன்னோர் நன்றாகத்தானே வாழ்ந்தார்கள் என்பார்கள். 1977-இல் வேலூர் ஆய்வாளர்கள் ராவும் இன்பராஜும் தமிழ்நாட்டில் இவ்வழக்கத்தால் இனப்பெருக்கத்தில் பெரும் பாதிப்பைக் காணவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஊர்ச் சராசரி ஒரு வீட்டுக்குக் காப்பாகாது. பிறவிச் செவிட்டுத்தன்மையோ தலசீமியாவோ குடும்பத்தில் இருந்தால், சொந்தத்தில் மணம் பேசும் முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.